எடுத்த இடத்தை எழுதி வை

என் மேசை இழுப்பறை முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றோ இரண்டோ எலக்ட்ரானிக் பாகம், கூடவே விரல் அகலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஒரு சீட்டில் "டேப் ரெக்கார்டர், இடது ஸ்பீக்கரை ஓட்டிய ஐசி, 12 வோல்ட், ஹீட் சிங்க்கோடு" என்று இருக்கும். இன்னொன்றில் "மானிட்டர் பவர் சப்ளை, 5 வோல்ட் லைனில் இருந்த டையோடு". பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பே சீட்டை எழுதிவிடுவேன். எழுத வரவில்லை என்றால், அதாவது அந்தப் பாகம் அங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்த்தது என்று எனக்குப் பிடிபடவில்லை என்றால், அதைக் கழற்ற மாட்டேன்.

இந்தப் பழக்கம் வருவதற்கு இரண்டு வருடம் ஆனது. பழைய கருவிகளைப் பிரித்துப் பாகம் எடுக்கும் ஆசை பிடித்த புதிதில் கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்தேன். ஓடாத டிவிடி பிளேயர், கீழே விழுந்து உடைந்த ஸ்டீரியோ, யாரோ தூக்கிப் போடவிருந்த மோடம், யுபிஎஸ் என்று எது வந்தாலும் அன்று இரவே அதன் சர்க்யூட் போர்டு வெறுமையாகிவிடும். டிரான்சிஸ்டர் ஒரு டப்பா, கெப்பாசிட்டர் ஒரு டப்பா, ஒரு சர்க்யூட்டையே ஒரு சில்லுக்குள் அடக்கிய ஐசி ஒரு டப்பா. டப்பாக்கள் நிறைவதைப் பார்க்க மனசுக்கும் நிறைவாக இருந்தது. ஆனால் ஏதாவது ஒரு சர்க்யூட் கட்டலாம் என்று உட்கார்ந்தால் அந்த டப்பாக்களிலிருந்து உருப்படியாக எதுவும் வெளியே வராது.

காரணம் ரொம்ப எளிது. போர்டில் இருக்கும்வரை ஒரு பாகத்துக்கு முகவரி உண்டு. கழற்றிய நொடியே அது போய்விடுகிறது. கம்ப்யூட்டர் போர்டுகளில் குறுமணல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிற செராமிக் கெப்பாசிட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேல் ஓர் எழுத்துகூட இருக்காது. கழற்றி மீட்டரில் வைத்தால் எத்தனை மைக்ரோஃபாரட் என்று சொல்லிவிடும். எத்தனை வோல்ட் தாங்கும் என்று எந்த மீட்டரும் சொல்லாது. அது போர்டில் இருந்தபோது 12 வோல்ட் லைனில் இருந்ததா, 1.8 வோல்ட் லைனில் இருந்ததா என்று பார்த்திருந்தால் குறைந்தபட்சம் இவ்வளவு தாங்கியது என்றாவது தெரிந்திருக்கும்.

போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும், மூன்று கால் வைத்த குட்டி எஸ்எம்டி பாகங்கள் இன்னும் மோசம். அவற்றின் உடம்பில் இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் இடம். அதே எழுத்துகளை ஒரு தயாரிப்பாளர் டிரான்சிஸ்டருக்கும் இன்னொருவர் இரட்டை டையோடுக்கும் வைத்திருப்பார். போர்டில் அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'க்யூ' என்ற எழுத்துதான் அது டிரான்சிஸ்டர் என்பதற்குச் சாட்சி. 'டி' என்றிருந்தால் டையோடு. பாகம் கைக்கு வந்துவிடும், சாட்சி போர்டிலேயே தங்கிவிடும்.

பழைய ஜப்பானிய வகை டிரான்சிஸ்டர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கருணையானவை. 'சி1815' என்று மட்டும் போட்டிருந்தால் அது 2எஸ்சி1815. முன்னால் வரும் '2எஸ்' இடம் போதாமல் விடப்பட்டிருக்கிறது. டிரான்சிஸ்டரில் மின்சாரம் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு வகை உண்டு: ஏ, பி என்று தொடங்கினால் பிஎன்பி, சி, டி என்று தொடங்கினால் என்பிஎன். இது தெரியாமல் நான் எத்தனை டிரான்சிஸ்டர்களை 'அடையாளம் தெரியாதவை' டப்பாவில் போட்டேன் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

என் பழக்கத்தை மாற்றியது ஒரு இங்க்ஜெட் பிரிண்டர்.

பிரிண்டரில், படிப்படியாக எண்ணிச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய பிரிண்டர்களில் அது உண்மை. ஸ்கேனர்களிலும் பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஆசையில்தான் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது இரண்டே வயர் கொண்ட சாதாரண டிசி மோட்டார். பொம்மைக் காரில் இருப்பதன் பெரிய அண்ணன், அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தது. கழற்றி டப்பாவில் போட ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. சாதாரண டிசி மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. கரண்ட் கொடுத்தால் சுற்றும், நிறுத்தினால் உருண்டுபோய் எங்கோ நிற்கும். இதை வைத்துக்கொண்டு மயிரிழை தவறாமல் எழுத்தை எப்படி அச்சடித்தார்கள்?

இங்க் தலையைக் கையால் இடமும் வலமுமாகத் தள்ளிப் பார்த்தேன். அது ஓடும் வழி நெடுக, பின்னால், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா இழுத்துக் கட்டியிருந்தது. முதல் பார்வைக்கு லேசாகச் சாம்பல் பூத்த கண்ணாடித் தாள் மாதிரிதான் தெரிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தச் சாம்பல் நிறம் முழுக்கக் கோடுகள்! கறுப்பு, இடைவெளி, கறுப்பு, இடைவெளி என்று நாடா முழுக்கச் சீராக. இந்த மாதிரி நாடாக்களில் அங்குலத்துக்கு 150 கோடுகள் என்பது ஒரு வழக்கமான அளவு. இங்க் தலையின் முதுகில் ஒரு சிறிய கறுப்புக் கவ்வி அந்த நாடாவை இரு பக்கமும் தொடாமல் அணைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் ஒளியை உணரும் இரண்டு கண்கள். அந்த இரண்டு கண்களும் கால் பங்கு கோடு அளவுக்கு முன்பின்னாக வைக்கப்பட்டிருக்கும். எந்தக் கண் முதலில் இருளைப் பார்க்கிறது என்பதை வைத்துத் தலை இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்று சொல்லிவிடலாம். இரண்டு கண்களின் ஏற்ற இறக்கங்களையும் சேர்த்து எண்ணினால் ஒரு கோட்டுக்கு நான்கு எண்ணிக்கை. 150 கோடு, அங்குலத்துக்கு 600 எண்ணிக்கை ஆகிறது. அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் 0.042 மில்லிமீட்டர். தன் இடம் தெரியாத மோட்டாருக்கு இந்த நாடா இடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அன்று இரவு நான் எதையும் கழற்றவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் மோட்டார், பெல்ட், நாடா, கவ்வி, தலை ஓடும் இரும்புத் தண்டு எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எடுத்து, ஒரே கவரில் போட்டு, முதல் சீட்டை எழுதினேன். பழைய வழக்கப்படி செய்திருந்தால் மோட்டார் மோட்டார் டப்பாவுக்கும், கவ்வி சென்சார் டப்பாவுக்கும், நாடா குப்பைக்கும் போயிருக்கும். பின்னாளில் ஒரு சின்ன வரைபட இயந்திரம் கட்டியபோது அந்தக் குடும்பம் அப்படியே போய் உட்கார்ந்தது.

இதற்கு நேர் எதிரான இடம் பவர் சப்ளை. அங்கே ஆசைப்படுவதற்கு முன் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் டையோடுகள், ஃபெரைட் வளையங்கள், ஹீட் சிங்க், ஆப்டோகப்ளர், ஒரு நல்ல ஃபேன் என்று நிறையக் கிடைக்கும். கூடவே உள்ளே நுழைந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் தடித்த கெப்பாசிட்டரும் இருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கிச் சேர்த்தால் அதில் 325 வோல்ட் அளவுக்கு நிற்கும். 470 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ 25 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி அது.

நான் உட்பட பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. செத்துப்போன பவர் சப்ளை ஆபத்தில்லாதது என்று நினைப்போம். உண்மையில் அதுதான் அதிக ஆபத்து. நன்றாக ஓடும் பவர் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கினால், உள்ளே உள்ள சர்க்யூட் கடைசி மூச்சுவரை ஓடி அந்த கெப்பாசிட்டரைப் பெருமளவு காலி செய்துவிட்டுத்தான் நிற்கும். செத்துப்போனதில் காலி செய்ய ஆள் இல்லை. மீதியை வடிக்க வைத்திருக்கும் ரெசிஸ்டரும் அறுந்திருந்தால் சார்ஜ் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். பிளக் பிடுங்கி ஒரு நாள் கழித்துத் திறந்த ஒன்றில் என் ஸ்க்ரூ டிரைவர் இரண்டு கால்களுக்கும் நடுவே பட்டது. துப்பாக்கி வெடித்தது மாதிரி சத்தம். ஸ்க்ரூ டிரைவரின் முனையில் ஒரு குழி விழுந்திருந்தது. அந்த இடத்தில் விரல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் மேசையில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று இரண்டு வயர்களோடு, நன்றாக உறையிட்ட முனைகளோடு நிரந்தரமாக இருக்கிறது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் அதை கெப்பாசிட்டரின் குறுக்கே அரை நிமிடம் பிடிப்பேன். பிறகு மீட்டர் வைத்து வோல்ட் பார்ப்பேன். பார்த்த பிறகுதான் தொடுவேன். மைக்ரோவேவ் அவனும் பழைய பிக்சர் ட்யூப் டிவியும் வந்தால் நான் திறப்பதே இல்லை. முதலாவதில் உள்ள கெப்பாசிட்டர் 2,000 வோல்ட்டை ஒட்டியது, ஆளைக் கொல்லும். இரண்டாவதில் ட்யூபின் மேல் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பொழுதுபோக்குக்காக அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் முடிவு. புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் எடுப்பதையும் முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

கழற்றும் வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான் எனக்கு எல்லாவற்றையும் எளிதாக்கியது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபிறகு பெரும்பாலான கருவிகளில், பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் உலோகமான சாலிடர் ஈயம் இல்லாததுதான். அது உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஈயம் கலந்த பழைய சாலிடர் 183 டிகிரியிலேயே இளகும். புது போர்டில் சாலிடரிங் அயர்னை வைத்தால் சாலிடர் கல் மாதிரி நிற்கும். குறிப்பாக எர்த் கால். அது பெரிய செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால் கொடுக்கிற சூட்டையெல்லாம் தகடு குடித்துவிடும். சூட்டைக் கூட்டினால் போர்டின் செம்புக் கோடான ட்ராக் தோலோடு உரிந்து வரும், பாகமும் வெந்துபோகும்.

அந்த நேரத்தில் எடுப்பதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும், சாலிடரை நன்றாக ஓடவைக்கும் ஃப்ளக்ஸைக் கொஞ்சம் தடவி, ஈயம் கலந்த புது சாலிடரைத் தாராளமாக ஊட்டுங்கள். இரண்டும் கலந்து உருகும் வெப்பம் இறங்கும். மங்கலாக இருந்த முத்து பளபளவென்று உருண்டு திரளும். அந்த நொடியில், உருகிய சாலிடரை உறிஞ்சும் 'சக்கர்' பம்ப்பை வைத்து பட்டனைத் தட்டினால் துளை கண்ணாடி மாதிரி காலியாகும், மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். ஆறு மாதம் போராடிய பிறகு அந்த வெளிச்சத்தை முதல்முதலாகப் பார்த்த சந்தோஷத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. புகை ஃப்ளக்ஸிலிருந்து வருவது, மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் விரலில் ஒட்டும்; முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது? ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறேன். கால்கள் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும், புதிது வாங்குவதே சுலபம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் மட்டும் முகவரி திரும்பவும் பேசுகிறது. அதன் உள்ளே உள்ள திரவம் சூட்டில் காய்ந்துபோகும். உடம்பில் 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்தச் சூட்டில் அதற்கு எழுதிக் கொடுத்த ஆயுள் பல நேரம் 2,000 மணி நேரம்தான். பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதனால் ஒரே போர்டில், ஒரே வயதுள்ள இரண்டு கெப்பாசிட்டர்களில் ஹீட் சிங்க் ஓரத்தில் நின்றது காய்ந்திருக்கும், காற்றோட்டமாக ஓரத்தில் நின்றது இளமையாக இருக்கும். தலை உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது கெட்டுவிட்டது. உப்பாமலும் காய்ந்திருக்கலாம் என்பதால் அதன் உள்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது.

டிரான்ஸ்பார்மர், ரிலே, ஹீட் சிங்க், கனெக்டர், ஸ்விட்ச், கிறிஸ்டல் இவையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கடிகாரத்தில் கிடைக்கும் உருளை கிறிஸ்டலில் 32.768 கிலோஹெர்ட்ஸ் இருக்கும். 32,768 என்பது இரண்டைப் பதினைந்து முறை பெருக்கியது. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. அவ்வளவு அழகான கணக்கு ஒரு நகத்துண்டு அளவில் கிடைக்கும்போது எப்படி விட மனசு வரும்?

பவர் டிரான்சிஸ்டரை நான் பழைய கருவிகளிலிருந்து மட்டும்தான் எடுக்கிறேன். இது சிக்கனத்துக்காகச் செய்வதல்ல. ஒருமுறை ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்குப் புதிய டிரான்சிஸ்டர்கள் வாங்கினேன். எழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. பாதி வால்யூமிலேயே போய்விட்டது. உலோக மூடியை அறுத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கான் சில்லு குண்டூசித் தலையை விடக் கொஞ்சம்தான் பெரிது. பழைய ஆம்ப்ளிஃபையரில் கிடைத்த, ஏற்கெனவே செத்துப்போன அதே எண் டிரான்சிஸ்டரை அறுத்தபோது சட்டைப் பொத்தான் பாதி அகலத்துக்குச் சில்லு இருந்தது. பல வருடம் ஒரு கருவியில் உழைத்த பாகம், தான் யார் என்பதை உழைத்தே காட்டியிருக்கிறது. அந்த உழைப்பை எந்தப் புதுப் பொட்டலமும் எனக்குத் தருவதில்லை.

ஐசிகளின் மேல் பார்ட் நம்பருக்குக் கீழே பெரும்பாலும் நான்கு இலக்கம் இருக்கும். 8734 என்றால் 1987ஆம் ஆண்டின் 34வது வாரம் செய்தது என்று பொருள். ஒரு போர்டில் உள்ள ஐசிகளில் எதன் தேதி கடைசியோ, கருவி அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்கும். புதிதாக ஒரு போர்டு வந்தால் இப்போதெல்லாம் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

எல்லாம் எடுத்தபின் மிஞ்சும் போர்டை எரிக்கக் கூடாது. அதில் உள்ள தீத்தடுப்புப் பொருள் விஷப் புகை விடும். ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கும் வேலையும் வேண்டாம். முறையாக மறுசுழற்சி செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது என்றும் ஐநாவின் அறிக்கை சொல்கிறது. என் இழுப்பறை அந்த மலையில் ஒரு கூழாங்கல்லைக்கூடக் குறைக்காது. ஆனால் என் கையில் வந்த ஒரு கருவியாவது தவறான இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

கடைசியாக ஒரு ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டு எழுதும் பழக்கம் வருவதற்கு முன் பிரித்தது. ஆறு டிரான்சிஸ்டர் வைத்த கையடக்க ரேடியோ. பாடவில்லை என்று கொடுத்தார்கள். நானும் பாடவில்லை என்று நம்பி, பேட்டரிகூடப் போட்டுப் பார்க்காமல் முழுதாகக் கழற்றிவிட்டேன். காலிக் கூட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறி, அதில் பற்றவைத்த வயர் அறுந்து தொங்கியது. அதற்கு இருந்த நோய் அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. அதிலிருந்து எந்தக் கருவி வந்தாலும் பழுது பார்க்க முடியுமா என்று பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் அந்த ரேடியோவைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. போர்டு எப்போதோ போய்விட்டது. டிரான்சிஸ்டர்கள் பொது டப்பாவில் கலந்துவிட்டன, எது எந்த வேலையைச் செய்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சிக்னலைப் பெருக்கும் திறனான கெயினை அளந்து ஆறு என்பிஎன் டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். நிலையம் மாற்றும் ட்யூனிங் கேங்கும், ஆன்டெனாவான ஃபெரைட் தண்டும் பார்த்ததுமே தெரிந்துவிட்டன. தொல்லை கொடுக்கும் என்று பயந்தது அந்த நான்கு சதுர உலோகக் காயில்களை நினைத்துத்தான். அளவு, கால், எடை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்று ரேடியோ உள்ளேயே அலையை உண்டாக்கும் ஆசிலேட்டருக்கு, மற்ற மூன்றும் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப், அதாவது எந்த நிலையம் வந்தாலும் ரேடியோ அதை மாற்றிக்கொள்ளும் இடை அதிர்வெண்ணுக்கு. மாற்றிப் போட்டால் பாடாது.

கவிழ்த்துக் கொட்டி வரிசையாக நிறுத்தியபோது தலையில் உள்ள திருகு மையங்கள் தெரிந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. அந்தக் கால ஜப்பானிய வகை ரேடியோக்களில் அதற்கு ஒரு வரிசை உண்டு. சிவப்பு ஆசிலேட்டர், மஞ்சள் முதல் ஐஎஃப், வெள்ளை இரண்டாவது, கறுப்பு மூன்றாவது. நான் எழுதாமல் விட்ட சீட்டை, ரேடியோவைச் செய்தவர்கள் அன்றே காயில்களின் தலையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

புது போர்டில் பற்றவைத்து முடிக்க மூன்று இரவுகள். ஃபெரைட் மையத்தை இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் ட்யூனிங் விலகும், மையமும் விரிசல் விடும் என்பதால் பிளாஸ்டிக் ஊசி ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டேன். 455 கிலோஹெர்ட்ஸ் சிக்னலைக் கொடுத்து, பின்னாலிருந்து முன்னால் வந்தேன். முதலில் கறுப்பு, அடுத்து வெள்ளை, பிறகு மஞ்சள். ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பத் திருப்ப ஸ்பீக்கரில் சத்தம் ஏறியது. கடைசியாகச் சிவப்பைத் தொட்டபோது இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.